செம்பு, கல், மரம்: கேத்தே கோல்விட்ஸ் ஏன் கருவியை மாற்றிக்கொண்டே இருந்தார்?

2024ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் ஜூலை 20 வரை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவில் ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் படைப்புகள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு நியூயார்க் அருங்காட்சியகம் அவருக்கென்று தனியாக நடத்திய முதல் பெரிய கண்காட்சி அது. 1945இல் இறந்துபோன, உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒருவருக்கு இவ்வளவு தாமதமா என்று கேட்கத் தோன்றும். என் பார்வையில் காரணம் எளிது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கறுப்பு வெள்ளை அச்சோவியங்களில் கழித்தார். நவீனக் கலை என்றதும் எல்லோர் கண்ணும் போவது வண்ணத்துக்கும், சுவரை அடைக்கும் கான்வாஸுக்கும்தான். காகிதத்தில் அச்சடித்ததைப் பலர் இன்னமும் 'நகல்' என்றே நினைக்கிறார்கள்.

அந்த எண்ணத்தோடு இப்படிப்பட்ட கண்காட்சிக்குள் நுழைகிறவர் முதலில் குழம்பித்தான் போவார். ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் நாலு தடவை மாட்டியிருக்கும். ஒன்றில் பின்னணி இருண்டிருக்கும், இன்னொன்றில் கரி தேய்த்துத் திருத்தியிருக்கும், மற்றொன்றில் ஓர் ஆளே காணாமல் போயிருப்பார். அறையில் வெளிச்சமும் குறைவு. காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி காட்ட அருங்காட்சியகங்கள் தயங்கும், அதிக ஒளி காகிதத்தை மஞ்சளாக்கிவிடும். இப்படிப்பட்ட கண்காட்சிகள் பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் நீடிக்காததற்கும், அப்புறம் அந்தத் தாள்கள் பெட்டிக்குள் நீண்ட ஓய்வுக்குப் போவதற்கும் அதுவே காரணம்.

அந்த நாலு பிரதிகளில்தான் கோல்விட்ஸ் யார் என்பது தெரியும். அவர் கண்டுகொண்டவற்றைவிட அவர் நிராகரித்தவை நமக்கு அதிகம் சொல்கின்றன. ஒரு விஷயத்தைச் சொல்லச் செம்புத் தகடு போதவில்லை என்றால் கல்லுக்குப் போனார். கல்லும் ஒத்துவரவில்லை என்றால் ஐம்பது வயது தாண்டியபின் மரத்தில் வெட்டக் கற்றுக்கொண்டார்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. எட்சிங் முறையில் செம்புத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைப் பூசி, ஊசியால் அதில் கீறுவார்கள். தகட்டை அமிலத்தில் இறக்கினால் கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளைக்கு அடியில் அழுத்த வேண்டும். முடி போன்ற மெல்லிய கோடும் ஆழமான இருட்டும் ஒரே தகட்டில் கிடைக்கும். ஆனால் மெதுவான வேலை, திருத்துவதும் கஷ்டம். லித்தோகிராஃபில் கீறலே கிடையாது. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த கரிக்குச்சியால் காகிதத்தில் வரைவது போலவே வரையலாம். கல்லை நனைத்தால் வரைந்த இடம் நீரைத் தள்ளி மையை மட்டும் பிடித்துக்கொள்ளும். கையின் அசைவு அப்படியே பதிவாகும், வேகமாக நிறையவும் அச்சடிக்கலாம். மரச்செதுக்கு இரண்டுக்கும் நேர்மாறு. வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று வேண்டுமானால் அதையும் நெருக்கமான வெட்டுகளால்தான் உண்டாக்க வேண்டும். தயங்கித் தயங்கி வெட்ட முடியாது.

கோல்விட்ஸ் 1867 ஜூலை 8 அன்று கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்கில் பிறந்தார் (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராத்). மகளின் கைத்திறனைக் கண்ட அப்பா, உள்ளூர்ச் செம்புச் செதுக்குக் கலைஞர் ஒருவரிடம் அவரை அனுப்பினார். பெண்களுக்கு அரசுக் கலைக் கழகங்கள் கதவைத் திறக்காத காலம் அது. பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்றே இருந்த கலைப் பள்ளிகளில்தான் படித்தார். ஓவியராக வேண்டும் என்றுதான் போனார். ஜெர்மன் கலைஞர் மாக்ஸ் கிளிங்கர் 1891இல் வெளியிட்ட ஒரு சிறு நூல் அவர் போக்கைத் திருப்பியது. வண்ண ஓவியம் உலகின் அழகைக் காட்டப் பொருத்தமானது, வாழ்க்கையின் இருண்ட பக்கத்தைச் சொல்லக் கோட்டுக் கலைதான் வேண்டும் என்பது கிளிங்கரின் வாதம். அதே ஆண்டில் கேத்தே, கார்ல் கோல்விட்ஸ் என்ற மருத்துவரை மணந்து வட பெர்லினின் தொழிலாளர் பகுதிக்குக் குடிபோனார். கணவரின் நோயாளிகள் வேலையில்லாதவர்கள், கர்ப்பிணிகள், குடிகாரர்களின் மனைவிகள். பல பத்தாண்டுகள் இவர்கள் அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

1893இல் கெர்ஹார்ட் ஹாப்ட்மனின் 'நெசவாளர்கள்' நாடகத்தைப் பார்த்ததும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு 'நெசவாளர் எழுச்சி' தொடரில் இறங்கினார். 1844இல் சிலேசியாவில் நடந்த கலகம் அதன் கரு. தொடரில் ஆறு படங்கள், மூன்று லித்தோ, மூன்று எட்சிங். இந்தக் கலவைக்கு ஏதோ ஆழமான அழகியல் காரணம் இருக்கும் என்று நினைக்கலாம். உண்மை அவ்வளவு அழகானதல்ல. எட்சிங்கில் அப்போது அவருக்குப் போதிய கைப்பழக்கம் இல்லை. முதல் முயற்சிகள் தோற்றதால் முதல் மூன்று படங்களையும் கல்லில் போட்டார், கை பழகியபின் மீதியைச் செம்பில் முடித்தார். ஆகக் கருவியை மாற்றும் பழக்கம் கட்டாயத்தில்தான் தொடங்கியது.

1898இல் அந்தத் தொடர் பெர்லின் கலைக் காட்சியில் இடம்பெற்றது. தேர்வுக் குழு தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. குழுவில் இருந்தவர் சாதாரண ஆளில்லை, பிரஷ்ய மன்னர்களின் வரலாற்றையே வரைந்த முதியவர் அடால்ஃப் மென்செல். பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு டிரெஸ்டனில் பதக்கம் கிடைத்தது. டிரெஸ்டன் அச்சோவியக் காப்பகத்தின் தலைவர் மாக்ஸ் லேர்ஸ் அப்போதிருந்தே அவருடைய தாள்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். அரண்மனையோடு உரசல் அத்தோடு முடியவில்லை. 1906இல் வீட்டுக் கைத்தொழிலாளர் கண்காட்சி ஒன்றுக்கு அவர் போட்ட சுவரொட்டியில் களைத்துப்போன ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அதை அகற்றினால்தான் வருவேன் என்று பேரரசி சொல்லிவிட்டதாக வரலாறு.

அடுத்த தொடர் 'விவசாயிகள் போர்'. 1524-25இல் ஜெர்மன் நிலங்களில் நடந்த எழுச்சி, ஏழு எட்சிங்குகள், 1908இல் நிறைவு. இதற்குள் செம்பு அவர் சொன்னதைக் கேட்கத் தொடங்கியிருந்தது. 'கிளர்ந்தெழல்' என்ற படத்தில் கறுப்பு ஆன்னா என்ற குடியானவப் பெண் நமக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் தூக்கி, கூட்டத்தை முன்னால் விரட்டுகிறாள். அவள் முகம் நமக்குத் தெரியவே தெரியாது. முழுக் கோபமும் முதுகிலும் முழங்கையிலும் இருக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் இருண்ட பகுதிகளில் துணியின் நெசவு போன்ற தடம் தெரியும். உண்மையிலேயே துணிதான் அது. மென்பூச்சு பூசிய தகட்டில் துணியை அழுத்தி, அதன் இழைகளை அமிலத்தால் பதிய வைத்திருக்கிறார். இதே தொடரில் வன்புணர்வுக்கு ஆளான பெண் தோட்டத்துச் செடிகளுக்கு நடுவில் கிடக்கும் படம் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கலை நூற்றாண்டுகளாகப் புராணக் கதை என்ற பெயரில் அலங்கரித்துக் காட்டிய விஷயம் அது. கோல்விட்ஸ் அதில் கிளர்ச்சியூட்டும் எதையும் வைக்கவில்லை. மிதிபட்ட இலைகள், மல்லாந்த உடல், வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

1903இல் செய்த 'இறந்த குழந்தையுடன் பெண்' முன் மோமா போன்ற இடங்களில் கூட்டம் அசையாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. நிர்வாணமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்த தாய், இறந்த பிள்ளையின் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். வாயும் மூக்கும் பிள்ளையின் உடலில் அழுந்தியிருக்கின்றன. பார்த்தால் ஒரு விலங்கின் நினைவு வரும். தோழி ஒருவர் இதைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு, கேத்தேயின் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறினார். நடந்தது வேறு. ஏழு வயது மகன் பீட்டரை மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வரைந்திருந்தார் கோல்விட்ஸ். இதற்கும் பல நிலைகள் இருக்கின்றன. அச்சோவியத்தில் 'நிலை' என்றால், தகட்டில் ஒவ்வொரு முறை மாற்றம் செய்தபின் எடுத்துப் பார்க்கும் பிரதி. சில பிரதிகளில் கரியும் பென்சிலும் தடவியிருக்கிறார், ஒன்றில் பின்னணிக்குத் தங்க வண்ணம் கொடுத்திருக்கிறார், தேவாலயப் படங்களில் வருவது போல. கடைசியில் தங்கத்தை விட்டுவிட்டார். நல்லவேளை என்றுதான் சொல்வேன். தங்கம் வந்ததும் அது மாதாவின் படமாகிவிடுகிறது, அந்தப் பெண்ணின் படமாக இருப்பதில்லை.

அதே பீட்டர் 1914இல் பதினெட்டு வயதில் தானாகவே முன்வந்து படையில் சேர்ந்தான். வயது போதாததால் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. கார்ல் மறுத்தார். கணவரிடம் மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் கேத்தே. அக்டோபர் மாதம் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். 1903ஆம் ஆண்டுப் படத்தை இந்தச் சாவின் முன்னறிவிப்பாகக் காட்டும் விளக்கவுரைகள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பே வரைந்திருந்தார் என்பதால் எதுவும் அவருக்கு எளிதாகவில்லை. மகனுக்காக ஒரு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கி, விட்டு, மீண்டும் எடுத்து, 1932இல்தான் பெல்ஜியத்தின் கல்லறைத் தோட்டத்தில் 'பெற்றோர்' சிலைகளை நிறுவ முடிந்தது. போரைப் பற்றிய அச்சோவியங்களும் அப்படித்தான் இழுத்தடித்தன. எட்சிங்கில் முயன்றார், சரிவரவில்லை. கல்லில் முயன்றார், அதுவும் திருப்தி தரவில்லை.

திருப்பம் வேறொரு சாவிலிருந்து வந்தது. 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் கார்ல் லீப்க்னெக்ட்டும் ரோசா லக்ஸம்பர்க்கும் கொல்லப்பட்டார்கள். லீப்க்னெக்ட்டின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், பிணவறைக்குப் போய் அவரை வரைந்தார் கோல்விட்ஸ். அவர் கம்யூனிஸ்ட் இல்லை, லீப்க்னெக்ட்டின் அரசியலை ஏற்றவரும் இல்லை. ஆனால் சவப்பெட்டியைக் கடந்து சென்ற தொழிலாளர்களின் துக்கத்தை வரையக் கட்சி அட்டை தேவையில்லை என்று தன் நாட்குறிப்பில் வாதாடுகிறார். முதலில் எட்சிங், அப்புறம் லித்தோ. இரண்டிலும் முகங்கள் தனித்தனியாக, நுணுக்கமாக, ஏதோ செய்திப் படம் போலவே வந்தன. 1920 ஜூனில் பெர்லின் செசஷன் என்ற கலைஞர் அமைப்பின் காட்சியில் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகின் மரச்செதுக்குகளைப் பார்த்தார். தான் இத்தனை நாள் தவறான பாதையில் இருந்தோமோ என்று ஆடிப்போனதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உடனே மரத்துக்குப் போனார்.

மரச்செதுக்கில் வந்த 'கார்ல் லீப்க்னெக்ட் நினைவுத் தாள்' வேறு பிறவி. கீழே படுக்கைவாட்டில் வெள்ளைத் துணியும் உடலும். மேலே கறுப்புக்குள்ளிருந்து குனியும் தொழிலாளர்கள், பெரிய முரட்டுக் கைகள். ஒருவர் இறந்தவரின் மார்பில் கை வைத்துக் குனிந்திருக்கிறார். கிறிஸ்துவின் உடலைச் சுற்றி அழும் பழைய தேவாலயப் படங்களின் அமைப்பு இதில் இருப்பதைக் கலை வரலாற்றாளர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, எட்சிங்கில் இருந்த விவரங்கள் எத்தனை தொலைந்துபோயின என்பதுதான். சட்டை மடிப்பு இல்லை, அறையின் சுவர் இல்லை. மூன்று முறைகளிலும் செய்த பிரதிகளை ஒரே சுவரில் மாட்டும்போதுதான் இந்த இழப்பு எவ்வளவு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று புரியும். படத்தின் அடியில் 'உயிரோடிருப்பவர்கள் இறந்தவனுக்கு' என்ற வரி. தொழிலாளர் கைக்கு எட்ட வேண்டும் என்று மலிவு விலைப் பதிப்பாகவும் அது வந்தது.

வழி திறந்துவிட்டது. 'போர்' தொடரின் ஏழு மரச்செதுக்குகளை 1921-22இல் முடித்தார், 1923இல் டிரெஸ்டனின் எமில் ரிக்டர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் இதே தலைப்பில் ஐம்பது எட்சிங்குகள் வெளியிட்டார். அகழி, அழுகிய பிணம், நச்சுப்புகை என்று போர்முனையின் அருவருப்பு முழுவதும் டிக்ஸின் தொடரில் உண்டு. கோல்விட்ஸின் ஏழு படங்களில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. முதல் படத்தில் நிர்வாணத் தாய் ஒருத்தி தன் பச்சைக் குழந்தையைக் கண்ணை மூடியபடி முன்னால் நீட்டுகிறாள், தலைப்பு 'பலி'. அடுத்ததில் சாவு பறையடித்துக்கொண்டு முன்னே போக, இளைஞர்கள் பரவசத்தில் வாய் பிளந்து பின்னால் ஓடுகிறார்கள். சாவுக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். அப்புறம் பெற்றோர், கைம்பெண்கள், தாய்மார்கள், மக்கள். போர்முனைக்குப் போகாதவர்களின் போர் இது. குற்றவாளிக் கூண்டில் கலைஞரும் நிற்கிறார். சம்மதம் வாங்கிக் கொடுத்த கை யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் அவர் எக்ஸ்பிரஷனிஸ்ட்தானா, அதாவது கண்ணால் காண்பதைவிட உள்ளுணர்ச்சியை முன்னிறுத்திய கலைஞர்களில் ஒருவரா? புத்தகங்கள் அந்தத் தலைப்பின் கீழ் வைத்துவிடுகின்றன, அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். 1905இல் டிரெஸ்டனில் கூடிய 'பாலம்' என்ற எக்ஸ்பிரஷனிஸ்ட் குழுவைவிட அவர் ஒரு தலைமுறை மூத்தவர். எந்த இயக்கத்திலும் சேரவில்லை. கலைக்கூடத்துக்குள்ளேயே சுற்றிவரும் கலை என்று இளையவர்களின் பல சோதனைகள் மீது அவருக்குச் சலிப்பு இருந்தது. பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பதில் கடைசிவரை பிடிவாதம். ஆனால் மரம் அவரை அந்தப் பக்கம் இழுத்தது நிஜம். முரட்டு வெட்டு, கறுப்பும் வெள்ளையும் முட்டி மோதும் பரப்பு, உடலே உணர்ச்சியாக மாறுவது எல்லாமே எக்ஸ்பிரஷனிச மொழிதான். சாதாரண மனிதர்களின் சாவைச் சொல்ல அதைக் கடன் வாங்கிக்கொண்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மரத்தைக் கண்டுபிடித்ததும் கல்லைத் தூக்கிப் போடவில்லை. சுவரொட்டிகளுக்கு அதுதான் உதவியது. 1924இல் வந்த 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' இன்றும் ஊர்வலங்களில் காணப்படும் படம், கையை உயர்த்திய அந்த இளைஞனை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். வியன்னாவின் பட்டினிக் குழந்தைகளுக்காகவும் ரஷ்யப் பஞ்சத்துக்காகவும் 'ரொட்டி!' என்ற தாளுக்காகவும் கரிக்குச்சியையே எடுத்தார். அவசரத்துக்கு மரம் உதவாது. முப்பதுகளில் எட்டுப் படங்கள் கொண்ட 'சாவு' தொடருக்கும் மீண்டும் கல்லையே தேர்ந்தெடுத்தார், இந்தமுறை அவசரத்துக்காக அல்ல. வயதான ஒரு கை, ஒரே மூச்சில் இழுத்து நிறுத்தும் கோடுகளை அதில் காணலாம்.

அந்தத் தொடர் வந்தபோது அவர் பொதுவெளியிலிருந்து துடைக்கப்பட்டிருந்தார். 1919இல் பிரஷ்யக் கலைக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர். 1933இல், இடதுசாரிக் கட்சிகள் ஹிட்லருக்கு எதிராக ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக எழுத்தாளர் ஹைன்ரிக் மன்னோடு சேர்த்து அவரும் கழகத்தை விட்டு விலக நிர்ப்பந்திக்கப்பட்டார். பிறகு அவர் படைப்புகள் காட்சிகளிலிருந்து அகற்றப்பட்டன. 1942இல் சித்தப்பாவின் பெயரையே சுமந்த பேரன் பீட்டரும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். 1943இல் குண்டுவீச்சில் பெர்லின் வீடு எரிந்தது, அதோடு எத்தனையோ தாள்களும் தகடுகளும் போயின. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடியச் சில நாட்களே இருக்கையில், டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்கில் காலமானார்.

சொந்த நாட்டில் அவர் மறைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் வேறோர் இடத்தில் அவர் பெயர் பரவிக்கொண்டிருந்தது. 1931இல் ஷாங்காயில் இளம் எழுத்தாளர் ரோ ஷி அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிப்படையாக இரங்கல் எழுத முடியாத நிலையில், சீன எழுத்தாளர் லூ சுன் ஒரு பத்திரிகையில் கோல்விட்ஸின் 'பலி' படத்தை வெளியிட்டார். ரோ ஷியின் பார்வை மங்கிய தாய்க்கு மகன் செத்தது தெரியாது என்று பின்னர் எழுதினார். 1936இல் அவரே செலவு செய்து கோல்விட்ஸின் தேர்ந்தெடுத்த படங்களை நூலாக்கினார், அச்சிட்டவை 103 பிரதிகள் மட்டுமே. சீனாவின் புதிய மரச்செதுக்கு இயக்கத்துக்கு அது பாடநூலானது. வங்கப் பஞ்சத்தை வரைந்த சோம்நாத் ஹோர் போன்றவர்களின் வேலையிலும் கோல்விட்ஸின் தடம் உண்டு. அச்சோவியம் எளிதில் எல்லை தாண்டும். கான்வாஸை இப்படிச் சுருட்டித் தபாலில் அனுப்பியிருக்க முடியாது.

எளிதில் பெருகுவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தகடு உயிரோடிருக்கும்வரை அதிலிருந்து அச்செடுத்துக்கொண்டே இருக்கலாம். செம்பு மென்மையானது, அதன்மேல் எஃகுப் பூச்சுக் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். கோல்விட்ஸின் பல தகடுகளிலிருந்து அவர் இறந்தபின்னும் பதிப்புகள் வந்தன. சந்தையில் சுலபமாகக் கிடைக்கும் தாள்களில் பல அந்த வகை. போலி என்று சொல்ல முடியாது, அதே தகடுதான். ஆனால் அவர் பார்த்துத் தலையசைத்த பிரதி அல்ல. மை துடைத்த விதம் மாறியிருக்கும், நுண்ணிய கோடுகள் தேய்ந்திருக்கும். அதனால்தான் நல்ல கண்காட்சிகளில் படத்தின் ஆண்டோடு, எந்த நிலை, எந்தப் பதிப்பு, யார் அச்சடித்தது என்பதையும் எழுதி வைப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தைத் தாண்டிப் போய்விட்டால் பாதிக் கண்காட்சி போய்விடும்.

நியூயார்க் கண்காட்சி முடிந்துவிட்டது. கொலோனில் 1985 முதலும் பெர்லினில் 1986 முதலும் அவர் பெயரிலேயே அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. உலகிலேயே பெரிய தொகுப்பு கொலோனில் இருக்கிறது, பெர்லின் தொகுப்பு 2022 முதல் சார்லோட்டன்பர்க் அரண்மனை வளாகத்தில் இருக்கிறது. பெர்லினுக்குப் போகிறவர்கள் நோய வாகே நினைவகத்தில் 'இறந்த மகனுடன் தாய்' சிலையையும் பார்ப்பார்கள். அசல் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரம்தான். 1993இல் அதைப் பலமடங்கு பெரிதாக்கி, போரிலும் கொடுங்கோன்மையிலும் மடிந்த எல்லோருக்குமான தேசிய நினைவுச் சின்னமாக வைத்தார்கள். கொன்றவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே தாயின் மடியில் போடுவதா என்று அப்போதே சண்டை வந்தது. என் ஆட்சேபம் அளவைப் பற்றியதும்கூட. கோல்விட்ஸ் செய்ததில் பெரும்பகுதி ஒரு மேசைமேல் அடங்கும், கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவரக்கூடியது. அந்த மண்டபத்துக்குப் போவதற்கு முன் அரை மணி நேரமாவது அவருடைய தாள்களோடு செலவிட்டுவிட்டுப் போங்கள்.